தீவாந்தரம் போனவர்கள்

'தீவாந்தரம்' என்னும் சொல் இன்று பேச்சுவழக்கில் அருகிவிட்டது. மூன்று தலைமுறைக்கு முன்னர் அச்சொல்லைக் கேட்டாலே கேட்டவர் நெஞ்சு நடுங்கும். தூக்குத் தண்டனைக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டது தீவாந்தர சிட்சை. வடமொழியில் அச்சொல்லுக்கு 'வேறொரு தீவு' என்பதற்கு மேல் பொருளில்லை. அந்த வேறொரு தீவு எது, அங்கு எத்தனை ஆண்டு, திரும்பி வரும் வழி யாது என்பவை எல்லாம் சொல்லுக்கு வெளியே நின்றன. கொண்டுபோனவர்களுக்கே அவை தெரியும்; போனவர்களுக்கும் அவர்தம் வீட்டாருக்கும் தெரியாது.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், நாம் கூடும் இந்த ஆலந்தலைக் கரைக்கு வடக்கே, தூத்துக்குடித் துறையிலிருந்து 1802 ஆம் ஆண்டில் தீவாந்தரம் கொண்டு செல்லப்பட்டவர்களை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறேன். தூக்கிலேறியவர்களை நாம் மறக்கவில்லை. கட்டபொம்மனுக்கும் ஊமைத்துரைக்கும் மருது சகோதரர்களுக்கும் சிலைகளும் விழாக்களும் கதைப்பாடல்களும் உண்டு. கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அவ்வாறு ஆனது ஏன் என்று கேட்பதும், அக்கேள்வி இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உலகில் எங்கெங்கு உயிரோடு நிற்கிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாவலந்தீவும் வேற்றுத்தீவும்

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண்முன் மேஜர் பானர்மேன் நடத்திய அவ்விசாரணையில் குற்றம் சாட்டியவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒருவரே. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் சிறையினின்று தப்பினர். இடிக்கப்பட்டுத் தரைமட்டமாய்க் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களுக்குள் மீண்டும் எழுந்தது. வாய் பேச இயலாத ஒருவருடைய கைச்சாடைக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர் என்பதை அவருக்கு எதிராகப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே வியந்து எழுதியிருக்கிறார்.

அப்போது தூத்துக்குடியின் நிலை விசித்திரமானது. 1658 முதல் டச்சுக்காரர் கையிலிருந்த அத்துறை, ஐரோப்பியப் போர் காரணமாக 1795 இல் ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று. முத்துச் சலாபமும் சங்கும் துணியும் ஈட்டித் தந்த வருவாய் அத்துறைக்கு மதிப்பைத் தந்தது. 1801 இல் கிளர்ச்சியாளர் அதனைக் கைப்பற்றினர். பிடிபட்ட ஆங்கிலத் துறைமுக அதிகாரி ஒருவர் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அவர் மனைவி பின்தொடர்ந்து சென்று வேண்ட, அவரை விடுவித்தனர் என்று கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் குறிக்கிறார். கைதியை என்ன செய்வது என்னும் கேள்வி அந்தப் போரில் இரு தரப்புக்கும் எழுந்தது என்பதற்காகவே இதனை இங்குச் சொல்கிறேன்.

1801 மே 24 அன்று கர்னல் அக்னியூவின் படை பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தது. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருதுபாண்டியருடன் சேர்ந்தார். ஜூன் 16 அன்று வெளியிடப்பட்டதே புகழ்பெற்ற திருச்சிராப்பள்ளி அறிக்கை. திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அவ்வறிக்கை, சாதி சமயம் பாராது 'ஜம்புத்தீபத்து' மக்கள் அனைவரையும் விளித்தது. ஜம்புத்தீபம் என்பது நம் பழைய வழக்கில் நாவலந்தீவு. தாம் வாழும் நிலப்பரப்பு முழுவதையும் ஒரே தீவாகக் கண்டு அழைத்த குரல் அது. அவ்வறிக்கை மென்மையானதன்று, ஐரோப்பியரைக் கண்ட இடத்தில் அழிக்குமாறு கூறியது, அவர்களுக்குப் பணிபுரிவோரைச் சபித்தது. கும்பினியார் அதைக் கலகக்காரரின் கொலைவெறி என்று கண்டனர். பின்வந்தோர் விடுதலைப் பிரகடனம் என்று போற்றினர். இரண்டு பெயரும் ஒரே தாளுக்கு இடப்பட்டவை.

அக்டோபர் 1 அன்று காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் மாதம் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்து, அடங்கியோருக்கு மன்னிப்பும் வழங்கியது. மன்னிப்பின் எல்லைக்கு வெளியே ஒரு பட்டியல் நின்றது.

கப்பல்

1802 பிப்ரவரி 11 அன்று அப்பட்டியலில் கண்டவர்கள் தூத்துக்குடியில் 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 73 பேர். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971 இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய ஆங்கில நூலே இந்நிகழ்ச்சியை ஆவணங்களின் துணைகொண்டு பரவலாக அறியச் செய்தது.

போனவர் யாவர்? சிவகங்கை அரசராய் இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி மற்றொருவர். ஏறத்தாழப் பதினைந்து வயதுச் சிறுவன். பாஞ்சாலங்குறிச்சியைச் சேர்ந்தோரும், பிற பாளையங்களைச் சேர்ந்த தலைவர்களும், தலைவர்களுக்குப் பின் நின்ற படைவீரர்களும் இருந்தனர். அரசனும் சிறுவனும் போர்வீரனும் ஒரே பட்டியலில் ஒரே பெயரால் அடைக்கப்பட்டனர். நீதிமன்றத்தில் தனித்தனியே நிறுத்தி, இன்னவர் இன்ன செயலைச் செய்தார் என்று சாட்சியம் கேட்டு, இன்னாருக்கு இத்தனை ஆண்டு என்று தீர்த்தது அன்று. படையின் பட்டியலும் அரசின் ஆணையும் போதுமானவையாக இருந்தன. பதினைந்து வயதுச் சிறுவன் செய்த குற்றம் யாது? தந்தைக்கு மகனாய்ப் பிறந்ததற்கு மேல் வேறொன்றை வரலாறு நமக்குக் காட்டவில்லை.

கடலறிந்தோர் நிறைந்த நம் வட்டத்தில், அப்பயணத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னால் உடனே விளங்கும். அக்காலத் தூத்துக்குடியில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; தோணிகளே ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்க்கும். கிழக்கே பினாங்குக்குப் போக வேண்டிய கப்பல் நேர்கிழக்கே போகவும் முடியாது. சேதுத் திட்டுகளின் ஆழமின்மை வழியை மறிக்கும். தெற்கே இறங்கி, இலங்கையை இடப்புறமாக வைத்துச் சுற்றியே வங்கக் கடலுக்குள் நுழைய வேண்டும். ஆகவே அவர்களைச் சுமந்த கப்பல் முதலில் இந்த மன்னார் வளைகுடாவில், நம் முன்னோர் வலைவீசிய நீரில்தான் தெற்கு நோக்கிச் சென்றது. கரிசல் காட்டிலும் செம்மண் சீமையிலும் பிறந்து வளர்ந்த அம்மனிதர்களுள் பலருக்குக் கடற்பயணம் என்பதே முதல் அனுபவமாக இருந்திருக்கும். நாவலந்தீவினர் தீவாந்தரம் போயினர்.

பினாங்கில்

பினாங்குத் தீவை 1786 இல் பிரான்சிஸ் லைட் கும்பினிக்காகக் கைக்கொண்டார். வேல்ஸ் இளவரசர் தீவு என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். காடழிக்கவும் சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் ஆள் வேண்டியிருந்தது. இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகளை அங்கு அனுப்பும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே தொடங்கிவிட்டது. ஜார்ஜ் டவுனில் இன்றும் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் புனித ஜார்ஜ் ஆலயம் கைதிகளின் உழைப்பால் 1818 இல் கட்டி முடிக்கப்பட்டது. நம்மவர் பலர் பிற்காலத்தில் வணிகத்துக்கும் கூலிக்கும் சென்று நிறைந்த அந்நகரத்தில், தமிழர் வாழ்வின் முதல் ஏடுகளில் ஒன்று சங்கிலியோடு எழுதப்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

வேங்கன் பெரிய உடையத் தேவர் பினாங்கிலும் நிலைத்திருக்கவில்லை. அதனினும் அப்பால், சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்த பென்கூலனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள மார்ல்பரோ கோட்டையில் 1802 செப்டம்பரில் இறந்தார். கப்பலேறி எட்டு மாதம் நிறையவில்லை.

சிறுவன் துரைசாமியின் கதை நீண்டது. அதனை நமக்குச் சொல்பவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஜேம்ஸ் வெல்ஷ். இவர் மதுரையில் பணியாற்றிய இளமைக் காலத்தில் மருது சகோதரர்களோடு பழகியவர். வேலெறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடம் கற்றுக்கொண்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பின்னர் அதே மனிதருக்கு எதிராக 1801 இல் போரிட்டார். 1818 இல் அவர் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்து நலிந்த முதியவர் ஒருவர் அவர்முன் வந்து நின்றார். யார் என்று வினவியபோது அவர் சொன்ன பெயர் துரைசாமி. அப்பெயர் தம் நெஞ்சைத் தைத்தது என்று வெல்ஷ் எழுதுகிறார். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த 'முதியவருக்கு' அப்போது வயது முப்பது முதல் முப்பத்தைந்துக்குள்தான் இருக்கவேண்டும்.

வெல்ஷின் நூல் 1830 இல் இலண்டனில் அச்சாயிற்று. துரைசாமி பதினாறு ஆண்டுகள் ஒரு தீவில் உயிரோடிருந்தார் என்பதற்கு நாம் பெற்ற சான்று, அவரைச் சிறைப்படுத்திய படையின் அதிகாரி ஒருவரது மனச்சான்றின் வழியே வந்தது. அந்த அதிகாரி பெயரைக் கேளாமல் விட்டிருந்தால், அச்சான்றும் நமக்கு இல்லை.

தூக்கிலேறியவர்கள் நினைக்கப்படுவதற்கும் கப்பலேறியவர்கள் மறக்கப்படுவதற்கும் உரிய காரணம் இங்கே விளங்குகிறது. தூக்குமரம் ஊர்நடுவே நடப்படுகிறது. அச்சுறுத்தவே அது நடப்படினும், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது. கதைப்பாடலுக்கு முடிவு இருக்கிறது. தீவாந்தரத்துக்கு முடிவு இல்லை. போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத வீட்டில் ஒப்பாரி வைக்கவும் இயலாது. வரவேற்புக் கோலம் போடவும் இயலாது. பாட்டு அங்கே நின்றுவிடுகிறது.

சட்டமாகிய வழக்கம்

1802 இல் படையினர் செய்ததைப் பின்னர் அரசு சட்டமாக எழுதிக்கொண்டது. வங்காளத்தின் 1818 ஆம் ஆண்டு மூன்றாம் ஒழுங்குவிதியும், அதையொட்டிய சென்னை மாகாணத்தின் 1819 ஆம் ஆண்டு இரண்டாம் ஒழுங்குவிதியும் 'அரசாங்கக் கைதி' என்னும் ஒரு வகையை உண்டாக்கின. வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லாத இடத்திலும், வழக்குத் தொடர்வது பொருத்தமில்லை என அரசு கருதும் இடத்திலும், ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்பதே வங்க விதியின் சாரம். ஆதாரமின்மை விடுதலைக்குக் காரணமாவதுதான் நீதி. இங்கோ ஆதாரமின்மையே சிறைக்கு வழியாயிற்று. அந்த 1818 ஆம் ஆண்டு விதியின்கீழ்தான் 1907 இல் லாலா லஜபதிராய் மண்டலேக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

இதற்கு எதிர்நிலையில் வைத்துக் காணத்தக்கது நம் வ.உ.சிதம்பரனார் வழக்கு. 1906 இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர் 1908 மார்ச் மாதம் கைதானார். அவ்வாண்டு ஜூலை 7 அன்று திருநெல்வேலி நீதிபதி பின்ஹே அவருக்கு வாழ்நாள் தீவாந்தரமும் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தரமும் விதித்தார். கொடிய தீர்ப்பு. எனினும் குற்றச்சாட்டு எழுத்தில் இருந்தது, சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டனர், மேல்முறையீடு இருந்தது. அதன் பயனாகத் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912 டிசம்பரில் வெளிவந்தார். செக்கிழுத்த கொடுமையை நாம் இன்று சொல்லமுடிவதும், அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதமுடிந்ததும், அவ்வழக்குக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தமையால்தான். அநீதியான நீதிமன்றமும் ஓர் ஏட்டை விட்டுச் செல்கிறது. நீதிமன்றமே இல்லாத சிறை எதையும் விட்டுச் செல்வதில்லை.

அந்நியர் போன பின்னும் அவர்தம் ஆயுதம் போகவில்லை. 1950 இல் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. சென்னை அரசுக்கு எதிராக ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கில் அதே ஆண்டு உச்சநீதிமன்றம், காவலுக்கான காரணத்தை வெளியிடக்கூடாது என்ற பிரிவை மட்டும் நீக்கி, சட்டத்தை நிலைநிறுத்தியது. மிசா, தடா, பொடா என்று பெயர்கள் மாறின. கடலுக்கு அப்பால், இலங்கையில் 1979 இல் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளுள் தண்டனை பெற்றவரும் இருந்தனர்; விசாரணையை எதிர்நோக்கியிருந்தவரும் இருந்தனர். கொன்றவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்

தூத்துக்குடியில் அட்மிரல் நெல்சன் நங்கூரம் எடுத்த 1802 க்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 2002 ஜனவரி 11 அன்று, கியூபாத் தீவில் அமெரிக்கா 1903 முதல் குத்தகைக்கு வைத்திருக்கும் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் முதற் கைதிகள் இறக்கப்பட்டனர். நியூயார்க், வாஷிங்டன் தாக்குதல்களைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட 'பயங்கரவாதத்துக்கு எதிரான போரின்' கைதிகள் அவர்கள். தீவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மண்ணும் அன்று, கியூபச் சட்டம் செல்லுமிடமும் அன்று என்று வாதிடத்தக்க நிலம் அது. அங்கு அடைக்கப்பட்ட ஏறத்தாழ 780 பேருள் 22 பேர் உய்குர் இனத்தவர்.

உய்குர்கள் சீனாவின் வடமேற்கே சிஞ்சியாங் பகுதியில் வாழும் துருக்கிய மொழியினர், இசுலாமியர். கவிதையை அன்றாட வாழ்வோடு வைத்துப் போற்றும் மக்கள். அப்பகுதியைக் கிழக்குத் துருக்கிஸ்தான் எனக் கூறித் தனிநாடு வேண்டுவோரும் அவர்களுள் உண்டு, ஆயுதமேந்தியோரும் உண்டு. 2014 மார்ச் மாதம் குன்மிங் தொடருந்து நிலையத்தில் கத்தியேந்தியவர்கள் 31 பேரைக் கொன்றதும், சிரியப் போரில் உய்குர்ப் படைக்குழு ஒன்று பங்குகொண்டதும் மறைக்கத்தக்கவை அல்ல. அவற்றையும் சொல்லித்தான் மேலே செல்லவேண்டும்.

குவாண்டனாமோவுக்கு வந்த 22 பேருள் பெரும்பாலோர் ஆப்கானிஸ்தானின் மலைச்சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தவர்கள். 2001 இல் குண்டுவீச்சுக்குத் தப்பிப் பாகிஸ்தானுக்குள் சென்றபோது, பிடித்துக் கொடுத்தால் பணம் என்று அமெரிக்கா அறிவித்திருந்த வெகுமதிக்காக ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் துப்பாக்கி சுடப் பழகியதை மறுக்கவில்லை. தம் பகை சீன அரசோடு மட்டுமே, அமெரிக்காவோடு எப்பகையும் இல்லை என்றனர். 2002 இல் அமெரிக்கா ஓர் உய்குர் இயக்கத்தைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அவ்வியக்கத்தோடு தொடர்பு என்ற கூற்று அவர்களைக் கட்டியது. 2020 இல் அமெரிக்காவே அவ்வியக்கத்தைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

2006 மே மாதம் ஐவர் அல்பேனியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருள் ஒருவரான பர்ஹாத் என்பார் தொடுத்த வழக்கில் 2008 ஜூன் மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கவிஞர்கள் அறியவேண்டிய ஒன்று. அரசு காட்டிய ஆவணங்கள் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறினவேயன்றி, அச்செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை. பலமுறை சொன்னதனால் ஒன்று உண்மையாகிவிடாது என்பதை விளக்க, நீதிபதிகள் லூயிஸ் கரோலின் வேடிக்கைக் கவிதை ஒன்றை எடுத்துக்காட்டினர். அரசின் ஆதாரம் எத்தகையது என்று சொல்லச் சட்ட நூல் போதாமல் கவிதை நூலைத் திறக்க வேண்டியிருந்தது.

பின்னர் அரசே அவர்கள் எதிரிப் போராளிகள் அல்லர் என ஒப்பியது. 2008 அக்டோபரில் நீதிபதி ரிக்கார்டோ அர்பினா, எஞ்சிய 17 பேரையும் அமெரிக்காவிலேயே விடுவிக்குமாறு ஆணையிட்டார். 2009 பிப்ரவரியில் மேல்நீதிமன்றம் அவ்வாணையை விலக்கியது: வெளிநாட்டவரை நாட்டுக்குள் விடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லையாம். சீனாவுக்கு அனுப்பினால் சித்திரவதை நேரும் என்று அமெரிக்காவே அனுப்ப மறுத்தது. குற்றமில்லை என்று தீர்ந்தும் போக இடமில்லை. இறுதியில் நால்வர் பெர்முடாத் தீவுக்கும், அறுவர் பசிபிக் கடலின் பலாவுத் தீவுகளுக்கும், இருவர் சுவிட்சர்லாந்துக்கும், இருவர் எல் சால்வடோருக்கும் போயினர். கடைசி மூவர் 2013 டிசம்பர் முடிவில் சுலோவாக்கியா சேர்ந்தனர். விடுதலை பெற்றவருள் பதின்மர் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கே சென்றனர் என்பதைக் காணும்போது 'தீவாந்தரம்' என்னும் பழஞ்சொல்லின் பொருள் விரிகின்றது.

இதற்கிடையே அவர்கள் பிறந்த மண்ணில் 2014 இல் தொடங்கிய 'பயங்கரவாத ஒழிப்பு' நடவடிக்கை, 2017 முதல் பெருந்திரளான மக்களை முள்வேலி முகாம்களில் அடைப்பதில் முடிந்தது. பத்து இலட்சம் பேர் வரை அடைக்கப்பட்டனர் என்பது பலரது மதிப்பீடு. தொழிற்பயிற்சி மையங்கள் என்றது சீன அரசு. அங்கு நடந்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாகக் கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டு 31 அன்று அறிவித்தது. அடைபட்டோருள் கவிஞர் அப்துல்காதிர் ஜலாலித்தீனும் ஒருவர். தாளும் எழுதுகோலும் இல்லாத இடத்தில் அவர் இயற்றிய பாடல் ஒன்றை உடனிருந்த கைதிகள் மனப்பாடம் செய்து, வெளிவந்தபோது வாய்மொழியாகவே வெளியே கொண்டுவந்தனர். அச்சும் தாளும் வருமுன் நம் கதைப்பாடல்கள் வாழ்ந்த முறையும் இதுவே.

ஒப்புமையின் எல்லை

பாஞ்சாலங்குறிச்சியும் சிஞ்சியாங்கும் ஒன்றல்ல. 1801 இன் பாளையக்காரர் ஆண்டுகொண்டிருந்தவர்கள்; வெளிப்படையாகப் போர் அறிவித்து எதிர்நின்றவர்கள். குவாண்டனாமோவின் உய்குர்கள் அமெரிக்காவோடு போரிட வராமலே அகப்பட்டவர்கள். ஊமைத்துரையின் படை கோட்டையைத் தாக்கியது. குன்மிங்கின் கத்தி பயணிகளைக் கொன்றது. இவ்வேறுபாடுகளை அழித்து எல்லோரையும் ஒரே மாலையால் சூடுவது, எல்லோரையும் ஒரே விலங்கால் பூட்டுவதற்கு ஒப்பான பிழையாகும்.

ஆயினும் ஒன்று பொதுவாய் நிற்கிறது. அரசு முதலில் ஒரு பெயரை இடுகிறது: கலகக்காரன், அரசாங்கக் கைதி, எதிரிப் போராளி, பயங்கரவாதி. பிறகு அப்பெயருக்குரியோரை ஓரிடத்தில் சேர்க்கிறது. அவ்விடம் கடல் சூழ்ந்ததாக இருந்தால் வசதி. பெயர் பொதுவானதாகையால் அதற்குள் அரசனும் அடங்குவான், பதினைந்து வயதுச் சிறுவனும் அடங்குவான், வழிதவறிய வணிகனும் அடங்குவான். அவர்களைப் பிரித்தறியும் ஒரே கருவி விசாரணை. இன்னவர், இன்ன நாளில், இன்னது செய்தார் என்று தனித்தனியே கேட்பது. குற்றவாளியைக் காப்பாற்றவன்று, குற்றவாளி யார் என்று அறியவே விசாரணை வேண்டும். அதைத் தவிர்க்கும் அரசு, கொடியவனையும் அப்பாவியையும் பிரித்தறியும் ஆற்றலைத் தானே இழந்துவிடுகிறது.

கவிஞர் கடன்

பெயரிடுவது அரசுக்கு மட்டும் உரிய தொழிலன்று, கவிஞருக்கும் உரியது. ஆகவே இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தீவிரவாதி என்ற சொல்லையும் தியாகி என்ற சொல்லையும் எளிதாக எடுத்தாளும் பழக்கம் நம் மேடைகளில் உண்டு. இரண்டு சொல்லும் மனிதனின் முகத்தை மறைக்கும் வல்லமை உடையவை. முகத்தைக் காட்டும் சொல் சிறியது: ஒருவன் பெயர், ஊர், வயது, அவனுக்கு நேர்ந்தது. வெல்ஷின் நெஞ்சைத் தைத்தது விடுதலைப் போர் என்னும் சொல்லுமன்று, கலகம் என்னும் சொல்லுமன்று. 'துரைசாமி' என்னும் நான்கெழுத்து.

1802 இல் தூத்துக்குடியில் ஏறிய 73 பேருள் நாம் அறிந்து சொல்லும் பெயர்கள் மிகச்சில. ஆவணக் காப்பகங்களில் ஆங்கில எழுத்துக் கூட்டலில் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களைத் தேடித் திருத்தித் தமிழில் எழுதுவது ஆய்வாளர் பணி. அப்பெயர்களை ஊராருக்குச் சொல்வது நம் பணி. வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவியரங்குகளுள் ஒன்றை, பிப்ரவரி 11 ஆம் நாளில், கப்பலேறியவர்களுக்கென ஒதுக்கலாம் என்பது இக்கட்டுரையாளனின் பணிவான வேண்டுகோள். அவ்வரங்கில் வீரவுரை வேண்டியதில்லை. சிவகங்கையிலிருந்து பென்கூலன் வரை போன ஓர் அரசனையும், முப்பது வயதில் முதியவனாகிவிட்ட ஒரு சிறுவனையும், பெயர் தெரியாத எஞ்சியோரையும் பற்றி ஒருவர் ஒருவராகப் பாடினால் போதும். அவர்கள் வீட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன பாட்டை, அவர்கள் கடந்து சென்ற இந்தக் கடலின் கரையிலிருந்து தொடர்ந்தவர்கள் ஆவோம்.